பைக்கில் பின்னால் உட்கார்ந்தவருக்கு நஷ்டஈடு கிடையாதா?

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரிந்துவிடக்கூடிய இரண்டொரு விவரங்களையும் நானே எடுத்துவிட்டேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தங்கை கணவரின் பைக்கில் ஏறி மணலிப் பக்கம் போய், தெருத்தெருவாக மீன் விற்பது இவர் தொழில். அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே பக்கமாகப் போட்டு உட்காருவார். பெட்ரோலுக்குத் தினமும் 50 ரூபாய் கொடுத்துவிடுவார். நான்கு மாதங்களுக்கு முன் எண்ணூர் விரைவு சாலையில், பக்கத்திலேயே ஒட்டி வந்த கன்டெய்னர் டிரெய்லர் சிக்னல் போடாமல் இடது பக்கம் ஒடித்திருக்கிறது. அதன் பின்பகுதி ஹேண்டில்பாரில் பட்டு பைக் சாய்ந்தது. ஓட்டியவருக்குச் சிராய்ப்பு. பின்னால் இருந்த இவருக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ராடு வைத்திருக்கிறார்கள். இன்னும் வாக்கர் இல்லாமல் நடக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் தங்கை கணவரின் நண்பர். போலீஸ் வம்பு வேண்டாம் என்று நினைத்து, ‘வண்டி சறுக்கித் தானாக விழுந்துவிட்டார்கள்’ என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். அங்கிருந்த டீக்கடைக்காரர் டிரெய்லரின் எண்ணைக் குறித்து வைத்திருந்ததால், 12 நாள் கழித்து இவருடைய கணவர் புகார் கொடுத்தார். கையில் கிடைத்தது சிஎஸ்ஆர் என்கிற மனு ரசீது மட்டும். இதற்கிடையே டிரெய்லர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து மருந்துச் செலவுக்கு என்று 10,000 ரூபாய் கொடுத்தார். இன்னும் 30,000 தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று இப்போது வந்து வந்து கேட்கிறார்.

“ஹெல்மெட் போடல, சைடா உக்காந்துனு இருந்த, கேஸ் நிக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். கேஸ் போட்டா மாப்பிள்ளையை ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு தங்கச்சி அழுவுது. அவரு வண்டிக்கு 2027 வரைக்கும் இன்சூரன்ஸ் கீது, அதுலயே வாங்கிக்கலாம், லாரிக்காரங்கிட்ட எதுக்கு மல்லுக்கட்டணும்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. ஸ்டான்லியில காசே வாங்கல, அப்புறம் எதுக்கு நஷ்டஈடுன்னும் கேக்குறாங்க. நான் என்ன பண்றது?”

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்: தேதி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அது எப்படியும் முடியட்டும், அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம். நான்கு மாதம் போய்விட்டது, கையில் இருப்பது இரண்டு. கால் முழுசா குணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று வீட்டில் சொன்னால் கேட்காதீர்கள். சிகிச்சை நடக்கும்போதே மனு போடலாம்.

2027 வரை இருப்பது எந்த இன்சூரன்ஸ்?

உங்கள் கணவர் சொல்வதில்தான் பெரிய குழி இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புது டூ வீலர் வாங்கும்போதே ஐந்து வருட மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். ஷோரூமில் பெரும்பாலும் அதோடு ஒரு வருடத்துக்கு வண்டிச் சேதக் காப்பீட்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். 2022-ல் வாங்கிய வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த ஒரு வருடப் பகுதி 2023-லேயே முடிந்திருக்கும். அதைப் புதுப்பித்த ரசீது இல்லையென்றால், 2027 வரை ஓடுவது மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும்தான்.

அதனால் உங்களுக்கு என்ன? அந்தப் பாலிசி, அந்த வண்டி இடித்து ரோட்டில் போகிற இன்னொருவர் அடிபட்டால் அவருக்குப் பணம் கொடுக்கும். அதே வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து போனவருக்குக் கொடுக்காது. 2006-லும் 2008-லும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பேக்கேஜ் பாலிசி, அதாவது நம் ஆட்கள் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று சொல்வது இருந்தால் மட்டுமே பின்னால் இருப்பவருக்கும் பொறுப்பு உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் விட்ட சுற்றறிக்கையும், அதை ஒட்டி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதற்கு ஆதாரம். ஓட்டுகிற உரிமையாளருக்கு என்று 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று இருக்கும். அது அவருக்கு மட்டும். பின்சீட்டுக்கு வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும்.

ஆகவே இன்றைக்கே தங்கை கணவரிடம் பாலிசித் தாளைக் கேட்டு வாங்குங்கள். வண்டிச் சேதத்துக்கு எந்தத் தேதி வரை, மூன்றாம் தரப்புக்கு எந்தத் தேதி வரை என்று இரண்டு தேதிகள் தனித்தனியாகப் போட்டிருக்கும். முதல் தேதி முடிந்திருந்தால் ‘மாப்பிள்ளை இன்சூரன்ஸ்’ என்ற பேச்சை அதோடு விட்டுவிடலாம். அப்புறம் உங்களுக்கு மிஞ்சுவது டிரெய்லரின் இன்சூரன்ஸ். அந்த வண்டியைப் பொறுத்தவரை நீங்கள் மூன்றாம் தரப்பு. அங்கே பாலிசியில் சேதப் பகுதி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது. பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை செல்லும் என்று தெரியும். விபத்து நடந்த தேதியில் அது உயிரோடு இருந்ததா என்று பார்த்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருந்த எண்ணை இங்கே வெளியிடவில்லை.

‘தானாக விழுந்தார்கள்’

உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விபத்தில் அடிபட்டு வருகிற எவரையும் அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அதைத்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி அடிபட்டது, யார் கூட்டி வந்தார்கள் என்று நாலைந்து வரி இருக்கும். அடிபட்டவர் வலியில் துடித்துக்கொண்டிருப்பார், கூட வந்தவர் சொல்வதை டியூட்டி டாக்டர் எழுதிக்கொள்வார். நாளைக்குத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்தத் தாளைத்தான். “லாரி இடித்ததாக அன்றைக்கு ஏனம்மா சொல்லவில்லை? 12 நாள் கழித்து லாரி எங்கிருந்து வந்தது?” என்று கேட்பார். நஷ்டஈட்டுக்காக ஒரு வண்டியைக் கொண்டுவந்து செருகிவிட்டார்கள் என்பதுதான் அவர் நிறுவப் பார்க்கும் கதை. அப்படிச் செருகிய வழக்குகள் நிஜமாகவே நடந்திருப்பதால் நீதிபதிகளும் இந்த இடத்தில் உஷாராகத்தான் இருப்பார்கள்.

தங்கை அழுவது புரிகிறது. ஆனால் அவர் கணக்கு தலைகீழாக இருக்கிறது. தானாக விழுந்தார்கள் என்றே பதிவு நிற்கட்டும் என்று விட்டால், சட்டப்படி அந்த விபத்துக்கு யார் காரணம்? வண்டி ஓட்டியவர். வேறு யாரும் அந்தக் கதையில் இல்லையே! டிரெய்லர் வந்தால்தான் அவர் மேல் இருக்கும் பழி இறங்கும். மாப்பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன பொய், முழுப் பழியையும் அவர் தலையில் கட்டிவிட்டது. அவருடைய பாலிசியும் உங்களுக்கு உதவாது என்றால், நஷ்டஈடு கேட்க அவர் ஒருவர்தான் மிச்சம் இருப்பார். உங்கள் தங்கை பயப்படுவது எதுவோ, அது கேஸ் போடாமல் இருந்தால்தான் நடக்கும்.

ஜெயில் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தீர்ப்பாயத்தில் போடுவது பணத்துக்கான உரிமையியல் மனு, அதில் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். போலீஸ் போடுகிற குற்ற வழக்கு தனி. கவனக்குறைவாக ஓட்டிக் கொடுங்காயம் உண்டாக்கியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125 ஆகிய பிரிவுகள் வரும், இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை. அந்த வழக்கில் குற்றவாளியாக வர வேண்டியவர் டிரெய்லர் டிரைவர். உங்கள் தங்கை கணவர் சாட்சி. ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: அவரும் வேகமாக ஓட்டியிருந்தாலோ, டிரெய்லரின் இடது பக்கத்துச் சந்தில் நுழைந்து முந்தப் பார்த்திருந்தாலோ, அவர் பக்கத் தவறும் விசாரணையில் பேசப்படும். அதை அவரிடமே நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வக்கீலிடமும் அப்படியே சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. சிஎஸ்ஆர் என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது, அதை எஃப்.ஐ.ஆர். என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பகுதிக்கான போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். அதுவும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். புகாரில் ஆஸ்பத்திரியில் நடந்ததை மறைக்க வேண்டாம். இன்னார் பயத்தில் இப்படிச் சொல்லிவிட்டார், நான் அப்போது பேசும் நிலையில் இல்லை என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். உங்களை மடக்கலாம் என்று எதிர்த்தரப்பு வைத்திருக்கும் கேள்விக்கு அதோடு பாதி பலம் போய்விடும். அந்த நண்பரும் டீக்கடைக்காரரும் சாட்சி சொல்ல வந்தால் மீதியும் போகும். தங்கை கணவர் கட்டாயம் வர வேண்டும்.

தாமதமான எஃப்.ஐ.ஆர். என்பதற்காக மட்டும் இழப்பீட்டு மனுவைத் தள்ளக்கூடாது, தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்ற வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் அளவுகோல். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, உங்கள் வழக்கு சுலபமான வழக்கு அல்ல.

ஹெல்மெட், சைடாக உட்கார்ந்தது, அந்த 50 ரூபாய்

நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் பைக்கில் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம், பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துத்தான். சென்னையில் 2022 மே மாதத்திலிருந்து பின்சீட்டுக்காரரையும் பிடித்து அபராதம் போடுகிறார்கள். நீங்கள் போடாதது தவறுதான், அதற்கு அபராதம் 1,000 ரூபாய். நஷ்டஈடு என்று வரும்போது கேள்வி வேறு: ஹெல்மெட் இல்லாததற்கும் வந்த காயத்துக்கும் சம்பந்தம் உண்டா? தலையில் அடிபட்டவர்களுக்கு நீதிமன்றங்கள் தொகையில் ஒரு பங்கைக் குறைத்தது உண்டு. உங்களுக்கு முறிந்தது கால். ஹெல்மெட் போட்டிருந்தால் கால் தப்பித்திருக்குமா?

ஒரு பக்கமாக உட்கார்ந்ததற்கும் இதே நியாயம்தான். சேலை கட்டிய பெண்கள் அப்படி உட்காருவார்கள் என்று தெரிந்துதான், பின்சக்கரத்தில் துணி சிக்காதபடி பாதியாவது மறைப்பு இருக்க வேண்டும், கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதியே போட்டிருக்கிறார்கள். 2020-ல் ஒரு வழக்கில் பைக்கில் மூன்று பேர் போயிருந்தார்கள். அது விதிமீறல் என்றாலும், விபத்து நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று காட்டினால் ஒழிய இழப்பீட்டைக் குறைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்களுக்கும் அது பொருந்தும். கூடையின் கனத்தால் வண்டி தடுமாறியது என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கலாம், சொன்னால் அதை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

பெட்ரோலுக்குக் கொடுத்த 50 ரூபாய் டிரெய்லர் மேல் போடும் வழக்கைத் தொடாது. தங்கை கணவரின் பாலிசியைத் தொட வேண்டி வந்தால் மட்டும், வாடகைக்கு ஓட்டினார் என்று அந்தக் கம்பெனி கிளப்பக்கூடும்.

இரண்டு ஓட்டுநர்களும் தவறு செய்தார்கள் என்றே முடிவானாலும் உங்கள் பங்கில் குறைக்க ஒன்றுமில்லை. வண்டி உங்கள் கையில் இல்லை. இப்படிக் கூட்டாக நேர்ந்த தவறில், பாதிக்கப்பட்டவர் யாராவது ஒருவரிடமிருந்தே முழுத் தொகையையும் வாங்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது டிரெய்லர் உரிமையாளரையும் அதன் இன்சூரன்ஸ் கம்பெனியையும் மட்டும் எதிர்த்தரப்பாகப் போட்டால் போதும். தங்கை கணவரின் பங்கு என்று எதையாவது கேட்க நினைத்தால், அவர்கள்தான் பிறகு தனியாக வழக்குப் போட வேண்டும். அந்த ஆபத்து அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதை உங்கள் தங்கையிடம் எடுத்துச் சொன்னால் பாதி அழுகை நிற்கும்.

40,000 ரூபாய் என்பது எவ்வளவு?

காசு வாங்காமல் ஆபரேஷன் செய்தார்கள், அதனால் நஷ்டம் இல்லை என்பது தப்பான எண்ணம். மருத்துவச் செலவு என்பது இழப்பீட்டின் ஒரு பகுதி மட்டுமே. படுத்திருந்த மாதங்களின் வருமானம், கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களின் உழைப்பு, ஆட்டோச் செலவு, வலி, ராடை எடுக்க மறுபடி ஆபரேஷன் என்றால் அது, எல்லாவற்றுக்கும் மேலாக இனி எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்ற கேள்வி.

கடைசியில் சொன்னதுதான் உங்களுக்கு முக்கியம். டாக்டர் சான்றிதழில் காலின் ஊனம் இத்தனை சதவீதம் என்று போடுவார். சம்பாத்தியத்தில் ஏற்பட்ட இழப்பும் அதே சதவீதம்தான் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, அவரவர் தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது 2010-லிருந்து நிலைத்த சட்டம். நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டையானால் வேலை போகாது. கூடையைத் தலையில் வைத்து மாடிப்படி ஏறி இறங்கி மீன் விற்கிறவருக்கு?

கணக்குப் போடும் முறையைக் காட்ட மட்டும் ஓர் உதாரணம். மாத வருமானம் 15,000, சம்பாத்திய இழப்பு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், 41 முதல் 45 வயது வரைக்குமான பெருக்கு எண் 14. வருடத்துக்கு 1,80,000, அதை 14-ஆல் பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் 5,04,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வு, வலி, மற்றதெல்லாம் இதற்கு மேல். உங்களுக்கு இவ்வளவு கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. இப்போது கேட்கிற கையெழுத்துக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், கைநாட்டும் வைக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிய 10,000 வழக்கைக் கெடுக்காது. மனுவில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டிரெய்லருக்கும் இந்த விபத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால் அவர்கள் ஏன் வீடு தேடி வந்து பணம் கொடுத்தார்கள் என்று கேட்க அது உங்களுக்கே உதவும். வந்தவருடைய போன் அழைப்பு, வாட்ஸ்ஆப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மீனவர் நல வாரிய அட்டை, மாநகராட்சி தந்த சாலையோர வியாபாரி அட்டை, மகளிர் குழுக் கடன் புத்தகம், வங்கிப் பாஸ்புக், ஏலத்தில் உங்களுக்குக் கடனுக்கு மீன் கொடுத்தவரின் நோட்டு, எது இருந்தாலும் கொண்டு போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் என்ன செய்வீர்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். ஃபைபர் படகு மீன், கருவாடு என்று உள்ளதைச் சொல்லுங்கள். வருடம் முழுக்க ஒரே வருமானம் என்று சொன்னால் மற்ற பேச்சும் எடுபடாது.

யாரிடம் போவது

நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே மனு போடலாம். சென்னையில் இந்த வழக்குகளைப் பார்ப்பது உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம். ‘வந்த பணத்தில் பாதி எங்களுக்கு’ என்று வார்டு வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்குபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று வக்கீல் பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். அதன் அலுவலகமும் அதே வளாகத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, சிஎஸ்ஆர் ரசீது, ஆதார், பைக்கின் ஆர்.சி., பாலிசி ஆகியவற்றின் நகல்கள் இருந்தால் முதல் நாளே வேலை நடக்கும். ஏ.ஆர். காப்பி கையில் இல்லையென்றால் ஸ்டான்லியில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். மற்ற எதற்கும் முன்னால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வக்கீல் பார்க்க வேண்டும்.

கடிதத்தின் ஓரத்தில், மறுபடி பைக்கில் உட்காரப் பயமாக இருக்கிறது, ஆட்டோ கட்டுப்படியாகாது என்று எழுதியிருந்தீர்கள். கால் சரியாகி டாக்டர் சம்மதித்த பிறகு போவதாக இருந்தால், கூடை மடியில் வேண்டாம். இரண்டு கையும் கூடையில் இருந்தால் பிடித்துக்கொள்ளக் கை ஏது? கூடை கட்ட இடைஞ்சல் என்று சேலை கார்டைத் தங்கை கணவர் கழற்றிப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் மாட்டச் சொல்லுங்கள். ஒரு சுடிதாரைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் உங்களுக்கென்று ஒன்று வேண்டும். வண்டிச் சேதப் பகுதியைப் புதுப்பிக்கும்போது பின்சீட்டுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். தினமும் கொடுக்கிற 50 ரூபாயில் சில நாள் காசு அதற்குப் போகட்டும்.